சென்னீர்க்குப்பத்தில் பைக்குக்கு ஸ்பீக்கர் வைத்த நாள்

காலை ஆறு பத்துக்கு வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு வாசலிலிருந்து வண்டியைக் கிளப்பினேன். நானூறு சிசி டூரிங் பைக். மீட்டரில் நாற்பத்தோராயிரம் கிலோமீட்டர் ஓடியிருந்தது. பின்னால் என் மனைவி ஸ்டெல்லா, புடவையில், வழக்கம்போல இடப்பக்கம் பார்த்து ஒருக்களித்து உட்கார்ந்திருந்தாள். போக வேண்டிய இடம் பூந்தமல்லியை அடுத்த சென்னீர்க்குப்பம். ஏறக்குறைய நூற்றிப் பதினைந்து கிலோமீட்டர். வண்டியில் ஸ்பீக்கர் வைக்கப் போகிறோம்.

வேலூரில் ஸ்பீக்கர் வைக்க ஆளே இல்லையா என்று கேட்பீர்கள். ஆட்டோவுக்கு வைப்பவர்கள் நிறையப் பேர் உண்டு. ஆனால் எண்பதில் போகும்போது காற்றின் இரைச்சலை மீறிப் பாட்டு கேட்க வேண்டும், மழையில் நனைந்தாலும் கெடக்கூடாது, பேட்டரியும் இறங்கக்கூடாது என்றால் சென்னீர்க்குப்பம் டேவிட்தான் என்று எங்கள் ரைடர் குழுவில் எல்லாரும் அடித்துச் சொன்னார்கள்.

இன்னொரு காரணமும் இருந்தது. கிறிஸ்துமஸ் லீவில் நாங்கள் இருவரும் கன்னியாகுமரிக்குப் போவதாக இருந்தோம். முன்பெல்லாம் ஸ்டெல்லா கூப்பிடாமலே வருவாள், வழியெல்லாம் பேசிக்கொண்டே வருவாள். ஒன்றரை வருடமாக அந்தப் பேச்சு நின்றுவிட்டது. வீட்டிலும் தேவைக்குத்தான் வாயைத் திறப்பாள். என்ன கோபம் என்று கேட்டால் ஒன்றுமில்லை என்பாள். எழுநூறு கிலோமீட்டர் அப்படி ஒரு மௌனத்தைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போக எனக்குத் தெம்பில்லை. பாட்டாவது இருக்கட்டும், நாலு நாளில் அவள் மனசு இளகினால் சரி என்று நினைத்துத்தான் புறப்பட்டேன்.

வாலாஜா டோல்கேட்டில் இரண்டு சக்கர வண்டிக்குக் காசு இல்லை, ஓரமாக ஒரு சந்து விட்டிருக்கிறார்கள். காவேரிப்பாக்கத்தில் இட்லி சாப்பிட்டோம், இருவருக்கும் சேர்த்து நூற்றிப் பத்து ரூபாய். அங்கேயும் அவள் சட்னியைப் பற்றி மட்டும்தான் பேசினாள்.

ஒன்பது மணிக்குப் பூந்தமல்லி. மெட்ரோ தூண்களுக்கு அடியில் பஸ், லாரி, தண்ணீர் வண்டி எல்லாம் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றன. பஸ் நிலையத்தைச் சுற்றிக்கொண்டு ஆவடி சாலையில் திரும்பி மூன்று கிலோமீட்டர் போனால் டேவிட்டின் பட்டறை. ஒரு ஷட்டர், முன்னால் தகரக் கொட்டகை, அவ்வளவுதான். டேவிட்டுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். ஆவடி டாங்க் ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவர் என்று பேச்சுவாக்கில் சொன்னார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"முன்னாடி ரெண்டு ஸ்பீக்கர், சீட்டு அடியில ஆம்ப்ளிஃபயர். பதினாறாயிரத்து ஐந்நூறு ஆவும் சார். நாலு அவரு வேல கீது. அக்கா அந்த ஃபேன்கிட்ட குந்துங்க."

நான்கு மணி நேரம் என்றவர் மூன்றரை மணி நேரத்தில் முடித்தார். கை சுத்தமான வேலை. ஒரு ஒயரைக்கூட வெளியே தெரிய விடவில்லை. பேட்டரிக்குப் பக்கத்தில் ஃபியூஸ், சாவியைத் திருப்பினால் மட்டுமே கரண்ட் போகிற மாதிரி இணைப்பு என்று பார்த்துப் பார்த்துச் செய்தார். எனக்குப் பரம திருப்தி.

பன்னிரண்டே முக்காலுக்கு டெஸ்ட். இதில் டேவிட்டுக்கு ஒரு வழக்கம் உண்டு. வாடிக்கையாளர் ஹெல்மெட்டைப் போட்டு, வண்டியில் ஏறி, கைப்பிடியைப் பிடித்து, கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். அவர் ஃபோனிலிருந்து ஒரு தட்டல் ஓசையை ஒருமுறை இடப்பக்கமும் ஒருமுறை வலப்பக்கமும் மாற்றி மாற்றி அனுப்புவார். சத்தம் வரும் பக்கத்துக் கையைத் தூக்க வேண்டும். இரண்டும் சரியாக வந்தால்தான் வண்டியைக் கொடுப்பார்.

நான் வலக்கையைத் தூக்கினேன். மறுபடியும் வலக்கை. பிறகு தூரத்தில் எங்கோ மங்கலாக ஒரு தட்டல், அதுவும் வலப்பக்கம்தான். தூக்கினேன். கண்ணைத் திறந்தபோது டேவிட் ஃபோனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இடது ஸ்பீக்கர் மட்டம்" என்றேன். "புதுசுதானே போட்டீங்க?"

"டப்பா ஒங்க முன்னாடிதான சார் பிரிச்சேன்."

இரண்டு ஸ்பீக்கரையும் இடம் மாற்றிப் பூட்டினார். அப்போதும் இடதுதான் மங்கல். ஒயரை மாற்றினார், ஆம்ப்ளிஃபயரையே வேறு எடுத்து மாட்டினார். அதே கதை. எனக்கு வெயிலும் பசியும் சேர்ந்து தலைக்கு ஏறிவிட்டது. ஊரெல்லாம் உங்களைப் பற்றிப் பெருமை பேசுகிறார்கள், பழைய சரக்கைத் தலையில் கட்டப் பார்க்கிறீர்களா என்று கத்தினேன். பக்கத்துப் பங்க்சர் கடைக்காரர் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார். அந்த மனிதரை அப்படிப் பேசியதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

டேவிட் பதிலுக்குக் கத்தவில்லை. ஸ்டெல்லாவைக் கூப்பிட்டு வண்டிக்கு முன்னால் நிற்க வைத்துக் கேட்கச் சொன்னார். "ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கு" என்றாள் அவள். டேவிட் என்னிடம் வந்தார்.

"சார், தப்பா நெனைக்காதீங்க. வண்டி மேலயே திரும்பிக் குந்துங்க. வால் பக்கம் பாத்து."

சாலை ஓரத்தில், ஐம்பத்திரண்டு வயது ஆள், பைக்கில் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்தேன். தட்டல் வந்தது. இந்த முறை இடது ஸ்பீக்கர் கணீரென்று கேட்டது. இதுவரை நன்றாகக் கேட்ட வலது ஸ்பீக்கர் மங்கிவிட்டது. அது எப்படி என்று எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. டேவிட்டுக்கு விளங்கிவிட்டது. ஹெல்மெட்டைக் கழற்றச் சொல்லி, தன் ஃபோனில் பாட்டு ஓடவிட்டு என் இடக் காதில் வைத்தார். அது ஓடுகிறதா என்று நான் கேட்டேன். "ஓடுதுங்க" என்றாள் ஸ்டெல்லா, மூன்றடி தள்ளி நின்றவள்.

ஃபோன் வந்தால் வலக் காதில்தான் வைப்பேன், அது பழக்கம் என்றே நினைத்திருந்தேன். ஹெல்மெட்டுக்குள் இடப்பக்கம் மட்டும் இயர்ஃபோன் செருகிக்கொண்டு வருடக்கணக்கில் ஓட்டியவன், அது அடிக்கடி ரிப்பேர் ஆகிறது என்று வாங்கி வாங்கித் தூக்கிப் போட்டிருக்கிறேன்.

"எங்க அப்பாவுக்கும் இப்டித்தான் சார். இஞ்சின் டெஸ்டிங்ல இருந்தாரு. ரேடியோ ரிப்பேருன்னு மூணு ரேடியோ மாத்துனாரு" என்றார் டேவிட். "ஆவடில ஒரு காது டாக்டர் கீறாரு. இன்னிக்கே போய்ப் பாத்துடுங்க. நா ஃபோன் பண்ணிச் சொல்றேன்."

ஆவடிக்கு ஆறு கிலோமீட்டர். கிளினிக்கில் நான்கு மணிக்குக் கூப்பிட்டார்கள். பரிசோதனைக்கு எண்ணூறு ரூபாய். கண்ணாடி வைத்த சின்ன அறையில் உட்கார வைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். இடக் காதின் முறை வந்தபோது நான் காத்துக்கொண்டே இருந்தேன். முடிந்துவிட்டது என்று கதவைத் திறந்துவிட்டார்கள்.

டாக்டர் தாளை எங்கள் பக்கம் திருப்பினார். வலது காதின் கோடு மேலே, இடது காதின் கோடு தாளின் அடியில். "நரம்பு போயிருக்கு. ரெண்டு வருஷத்துக்கு மேல இருக்கலாம். ஒரு காது நல்லா இருக்கறதால உங்களுக்கே தெரியாமப் போச்சு. ஸ்கேன் ஒண்ணு எடுத்துப் பாத்துடலாம், ஆனா போனது திரும்பும்னு சொல்ல மாட்டேன். இருக்கற காதைக் காப்பாத்திக்குங்க."

வெளியே வந்து பருத்திப்பட்டு ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தி டீ வாங்கினோம். ஸ்டெல்லா டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் நின்றாள்.

"ரெண்டு வருஷம்னாரா?" என்றாள்.

"ஆமா."

"அப்ப அன்னிக்கு வாலாஜா தாண்டி நான் கேட்டது உங்களுக்குக் கேக்கவே இல்லையா?"

எதை என்றேன். ஒன்றரை வருடத்துக்கு முன்னால், அவள் வேலை பார்க்கிற பள்ளி நிர்வாகம் திண்டிவனத்துக் கிளைக்கு அவளைத் தலைமையாசிரியையாகப் போகச் சொன்னதாம். ரெண்டு நாள் யோசித்துவிட்டு, நாங்கள் ஒரு கல்யாணத்துக்குப் போய்க்கொண்டிருந்தபோது வண்டியில் என்னிடம் கேட்டாளாம். எனக்கு அப்படி ஒரு பேச்சே நினைவில்லை.

"நான் என்ன சொன்னேன்?"

"'வேணாம் வேணாம், நேரமாகுது'ன்னீங்க. திரும்பிக்கூடப் பாக்கல. இருபது வருஷமா கணக்கு டீச்சரா இருக்கேன். ஒரே வார்த்தைல முடிச்சிட்டீங்க. சரி, இந்த மனுஷன்கிட்ட இனி பேச என்ன இருக்குன்னு விட்டுட்டேன்."

பின்னால் இருந்து ஏதோ கேட்கிறாள், டீக்குத்தான் நிறுத்தச் சொல்கிறாள் என்று அனுமானித்து வாயில் வந்ததைச் சொல்லியிருப்பேன். பைக் ஓட்டுகிறவர்கள் எல்லாரும் செய்வதுதான். காற்றில் பாதி கேட்காது, சரி என்போம், வேண்டாம் என்போம், ம் கொட்டுவோம். நான் அப்படிச் சொன்ன ஒரு வேணாமில் அவளுடைய பதவி போயிற்று. காது போன அதிர்ச்சி அந்த நேரத்தில் ஒன்றுமில்லாமல் ஆகிவிட்டது.

ஐந்தரைக்குப் புறப்பட்டோம். புது ஸ்பீக்கரில் நான் பாட்டு எதுவும் போடவில்லை. புடவையில் அவளால் வேறு மாதிரி உட்கார முடியாது, மறுபடியும் இடப்பக்கம்தான். பூந்தமல்லி, செம்பரம்பாக்கம், ஸ்ரீபெரும்புதூர் என்று ஊர்கள் கடந்து போயின. அவள் ஏதாவது சொல்லிக்கொண்டு வருகிறாளா, அழுகிறாளா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. அது எனக்குத் தெரியவில்லை என்பதே இப்போதுதான் எனக்குத் தெரிகிறது.

சுங்குவார்சத்திரம் தாண்டி என்னால் முடியவில்லை. ஓரங்கட்டி இஞ்சினை அணைத்தேன். இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றினேன். அவளும் இறங்கினாள்.

"அதைக் கேளு" என்றேன். "அன்னிக்குக் கேட்டதை."

"இப்ப எதுக்கு? வேற ஆள் போட்டாச்சு. பொறுப்பு ஏத்து ஒரு வருஷமாச்சு."

"பரவால்ல, கேளு."

சாலையைப் பார்த்தபடி கேட்டாள். "திண்டிவனத்துக்கு எச்.எம்.மா போகச் சொல்றாங்க. போகட்டுமா?"

"போ" என்றேன்.

அவள் பதில் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கேட்டிருக்கும். என் வலப்பக்கம்தான் நின்றிருந்தாள்.