தாய்மொழியில் கடைசி மார்க்

இலவசம் என்ற சொல்லைக் கேட்டாலே எங்கள் பள்ளியில் எல்லோரும் முகத்தைச் சுளிப்போம். ஷேலா ஊரில் வெளிநாட்டுக்காரர்களுக்கு ஸ்பானிஷ் சொல்லிக்கொடுத்துப் பிழைப்பவர்கள் நாங்கள். ஒரு மேசை, எதிரெதிரே இரண்டு நாற்காலி, ஒரு டீச்சர், ஒரு மாணவர். காலை முழுக்கப் பேச்சு, நடுவில் காபியும் இனிப்பு ரொட்டியும். அப்படி ஓடிக்கொண்டிருந்த பிழைப்பில் போன் வந்து மண்ணை அள்ளிப் போட்டது. காசு கேட்காமல் மொழி கற்றுத்தரும் இணையப் பாடங்கள் ஒன்றுக்குப் பத்தாய் முளைத்தன. மாதக்கணக்கில் தங்கிப் படித்தவர்கள் ஒரு வாரத்துக்கு வந்தார்கள், அதுவும் பாதியை வீட்டிலேயே படித்துவிட்டு. நாங்கள் மட்டும் யோக்கியமா என்ன? அதே இணையத்திலிருந்து பயிற்சித் தாள்களை இறக்கி, மேலே பள்ளி முத்திரையைக் குத்தி, சொந்தச் சரக்கு போலக் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

அந்தத் தாள்களுக்கும் உயிர் கொடுக்கத் தெரிந்தவள் ஒருத்திதான், ஒடிலியா. தாளைத் துண்டு துண்டாகக் கத்தரித்து, மாணவரைக் கையோடு இறைச்சிக் கடைக்கும் தபால் ஆபீசுக்கும் இழுத்துப்போய், அங்கே நிற்கவைத்துப் பேச வைப்பாள். ஊருக்குத் திரும்பும் நாளில் அவளுடைய மாணவர்கள் அழுவார்கள்; என்னுடையவர்கள் கைகுலுக்கிவிட்டுப் போவார்கள். அவளுடைய ஸ்பானிஷ் கஞ்சி போட்டுத் தேய்த்த சட்டை மாதிரி இருக்கும். அந்த மொழியிலேயே பிறந்த நாங்கள் பாதி எழுத்தை விழுங்குவோம். அவள் ஒன்றையும் விழுங்க மாட்டாள். காரணம் எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவள் அதைப் பிறகு கற்றுக்கொண்டவள்.

மலைமேல் சான் பிரான்சிஸ்கோ என்ற சந்தை ஊரில், கிச்சே என்ற பூர்வகுடி மொழி பேசும் வீட்டில் பிறந்தவள் ஒடிலியா. ஆசிரியர் பயிற்சிக்காகச் சின்ன வயதிலேயே ஷேலாவுக்கு இறங்கி வந்தாள். வகுப்பில் அவள் வாயைத் திறந்தாலே சிரிப்பு. உச்சரிப்புக்காக எல்லோர் முன்னாலும் நிற்க வைத்திருக்கிறார்கள். முதலில் கிச்சேப் பெண்கள் கட்டும் நெய்த பாவாடையைக் கழற்றிப் பெட்டியில் போட்டாள். பிறகு மொழியைப் போட்டாள். ஸ்டேஷனரிக் கடை மால்தொனாதோவைக் கட்டிக்கொண்டபோது ஊரையும் சேர்த்துப் பூட்டினாள். "அந்த ஜனங்க யாரும் என் வாசப்படி மிதிக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுத்தான் மாமியார்க்காரி கல்யாணத்துக்கே சம்மதித்தாளாம்.

பெற்ற தாய் செத்தபோது, பல் பிடுங்கப் போகிறேன் என்று பள்ளியில் சொல்லிவிட்டுப் போனாள். திரும்பி வந்தபோது கன்னம் வீங்கவில்லை, கண்தான் வீங்கியிருந்தது. நாங்கள் பல்வலி எப்படி இருக்கிறது என்று விசாரித்தோம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாள் என்று அவளைச் சொல்லலாம். ஆனால் அதே பந்தியில் உட்கார்ந்து, பூசணிக்காயைப் பார்க்காதது போலச் சாப்பிட்டவர்கள் நாங்கள். எனக்கு அதை நினைத்தால் வெட்கமாகத்தான் இருக்கிறது.

போன வருடம் எங்கள் இயக்குநர் தோன் அனிபால் ஒரு புது யோசனையோடு வந்தார்.

"ஸ்பானிஷ் எல்லாருக்கும் போன்லயே கிடைக்குது. இனிமே நாம கிச்சே சொல்லித் தருவோம். அது வேணும்னு மெயிலுக்கு மேல மெயில் வருது. இங்க யாருக்குக் கிச்சே தெரியும்?"

கேட்டது எல்லோரையும். பார்த்தது ஒடிலியாவை மட்டும். அவள் காபிக் கோப்பைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாருக்கும் தெரியாதா? சரி, அப்ப எல்லாரும் படிங்க. ஒரு பல்கலைக்கழகத்துக்காரங்க கிச்சேப் பாடத்த இலவசமா இணையத்துல போட்டு வச்சிருக்காங்க. யார் நல்ல மார்க் வாங்குறாங்களோ, வகுப்பு அவங்களுக்கு."

"இந்த வயசுல எங்களுக்குப் பரீட்சையா சார்?" என்றான் ஃபெர்மின். பள்ளியிலேயே சோம்பேறி அவன்தான்.

"உன் மண்டைக்கு ஒண்ணாம் பாடத்தத் தாண்ட மாட்ட. பயப்படாத."

கம்ப்யூட்டர் அறையில் எனக்கு ஒடிலியாவுக்கு அடுத்த நாற்காலி. ஹெட்போனைக் காதில் மாட்டினோம். முதல் பாடம் வணக்கம் சொல்வது. ஒரு பெண்குரல், அவசரமில்லாமல், சொல்லுக்குச் சொல் இடம் விட்டுப் பேசியது. எனக்குப் பிடித்துப்போனது. திரும்பிப் பார்த்தால், ஒடிலியாவின் முகம் திருடனுக்குத் தேள் கொட்டியது போல இருந்தது. திரையின் மூலையில் ஒரு சின்னப் படம். பின்னலில் நாடா சுற்றிய பெண். கீழே பெயர் போட்டிருந்தது: தொமாசா தாஷ், சான் பிரான்சிஸ்கோ சந்தை வியாபாரி. கல்யாணத்துக்கு முன்னால் ஒடிலியாவும் தாஷ்தான். மூக்கும் அதே மூக்கு.

"உன் அக்காவா?" என்று மெல்லக் கேட்டேன்.

"யாரு? எனக்குத் தெரியாது," என்றாள்.

அதன்பின் நடந்த கூத்தை என்னவென்று சொல்வது? பெற்ற தாயிடம் பேசிய மொழியை, கூடப் பிறந்தவளின் குரலில், அரிச்சுவடியிலிருந்து படித்தாள் ஒடிலியா. தப்புத் தப்பாகத் திருப்பிச் சொன்னாள். பரீட்சையில் எப்போதும் கடைசி. ஒன்றும் தெரியாத எனக்கே குருட்டாம்போக்கில் நாலைந்து விடை சரியாக விழும். அவளுக்கு ஒன்றுகூட விழாது. எல்லாவற்றையும் தப்பாகப் போட வேண்டுமென்றால் எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். அதுகூட அவளுக்குத் தோன்றவில்லை, பாவம்.

முதல் மார்க் வாங்கியது ஃபெர்மின். அவன் கிச்சே பேசினால் தொண்டையில் முள் சிக்கியது போலிருக்கும். "ஒடிலியா, என்கிட்ட டியூஷன் வர்றியா?" என்று அவளைச் சீண்டினான். எல்லோரும் சிரித்தோம். அவளும் சிரித்தாள். ஆனால் பாடம் முடிந்து எல்லோரும் எழுந்த பிறகும், அவள் அந்த முதல் வணக்கத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டதை நான் பார்த்திருக்கிறேன். அவள் மகள் வீட்டில் போனை வைத்துக்கொண்டு, சீரியல் பார்ப்பதற்காகக் கொரிய மொழி படிக்கிறாளாம். அதை எங்களிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள்.

இந்தச் சமயத்தில் மாரித் வந்து சேர்ந்தாள். நார்வேக்காரி, நர்ஸ். பனிக்காலம் முழுக்க வீட்டில் உட்கார்ந்து அதே இலவசப் பாடத்தில் கிச்சே படித்துவிட்டு வந்திருந்தாள். ஸ்பானிஷைச் சரிசெய்துகொள்ள அவளை ஒடிலியாவின் மேசைக்கு அனுப்பினார் தோன் அனிபால். வந்த சில நாளிலேயே அவள் கேட்டாள்.

"எனக்குத் தொமாசாவப் பாக்கணும். தினமும் அவங்க குரலக் கேட்டுக்கிட்டேதான் சமைப்பேன். வெள்ளிக்கிழமை சந்தையில இருப்பாங்கன்னு பாடத்துல போட்டிருக்கு. கூட்டிட்டுப் போறீங்களா?"

ஒடிலியாவுக்கு அப்போதே தலைவலி வந்தது. மறுநாள் மகனுக்குக் காய்ச்சல் வந்தது. தோன் அனிபால் விடவில்லை. "போயிட்டு வாங்க ஒடிலியா. உங்க கிச்சேக்கும் ஒரு பயிற்சியா இருக்கும்," என்றார். அவர் சிரிக்காமல் சொன்னதால், அது கிண்டலா கரிசனமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஒடிலியா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நோயெமி, நீயும் வா."

வேனில் மாரித் முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். நாங்கள் இருவரும் பின்னால்.

"இறங்குறதுக்குள்ள மாரித்கிட்ட உண்மையச் சொல்லிடு," என்றேன். "அக்கான்னு சொன்னா தலையா போயிடும்?"

அன்றுதான் அவள் என்னிடம் மழுப்பாமல் பேசினாள். "தலை போனாப் பரவாயில்ல. எங்க வீட்டாளுங்க எல்லாரும் செத்துட்டாங்கன்னு பிள்ளைங்ககிட்டச் சொல்லி வச்சிருக்கேன். அக்காவ நானே கொன்னு புதைச்சிட்டேன் நோயெமி. இப்ப எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு எழுப்புறது?"

"உன் அக்கா உன்னப் பாத்ததும் பேர் சொல்லிக் கூப்பிட்டா?"

"கூப்பிடுவா. அவ வாயில எதுவும் நிக்காது. சந்தையே திரும்பிப் பாக்குற மாதிரிக் கூப்பிடுவா. அம்மாவப் புதைச்ச அன்னிக்குக் கல்லறை வாசல்லயே நின்னுட்டு வந்துட்டேன். யார்கிட்டயும் ஒரு வார்த்த பேசல. அவ மட்டும் என்னப் பாத்தா. அதுக்கப்புறம் இன்னிக்குத்தான்."

வேன் மேடேற ஏற அவள் கையை என் கையிலிருந்து எடுக்கவே இல்லை.

தொமாசாவைத் தேட வேண்டியிருக்கவில்லை. சுருக்கம் வைத்துத் தைத்த ஏப்ரன்களை ஒரு கயிற்றில் வரிசையாகத் தொங்கவிட்டு, நடுவில் உட்கார்ந்திருந்தாள். மாரித் ஓடிப்போய்க் கிச்சேயில் வணக்கம் சொன்னாள். சொல்லுக்குச் சொல் இடம் விட்டு, தொமாசாவின் இழுப்பிலேயே சொன்னாள். தொமாசா ஏப்ரன் நுனியால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"அடி ஆத்தி, என் குரலு உன் வாயில எப்படி வந்துச்சு?"

பாடத்தில் படித்த அளவுக்கு எனக்கு அது புரிந்தது. சிரித்துக்கொண்டே அவள் எங்கள் பக்கம் பார்த்தாள். சிரிப்பு நின்றது. ஒடிலியா தரையைப் பார்த்தாள். கூப்பிடப் போகிறாள், தீர்ந்தது என்று நினைத்தேன். அதற்குள் மாரித் முந்திக்கொண்டாள்.

"இவங்க என் டீச்சர், ஒடிலியா. இவங்களும் உங்க குரல்லதான் கிச்சே கத்துக்கிறாங்க. இப்பத்தான் ஆரம்பிச்சிருக்காங்க."

தொமாசா தன் தங்கையைச் செருப்பிலிருந்து கழுத்துச் சங்கிலி வரை ஒருமுறை பார்த்தாள்.

"அப்படிங்களா டீச்சரம்மா?" என்றாள் ஸ்பானிஷில். அசலூர் வாடிக்கையாளரிடம் சந்தைக்காரிகள் பேசும் ஸ்பானிஷ். "எங்க, ஒரு வார்த்த சொல்லுங்க பாப்போம்."

ஒடிலியா முதல் பாடத்து வணக்கத்தைச் சொன்னாள். அதையும் தப்பாகச் சொன்னாள். கூடப் பிறந்தவளின் முகத்துக்கு நேரே, பள்ளியில் சொல்வது போலவே குழறினாள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. தொமாசா கோபப்படவில்லை. அதே வணக்கத்தை, அதே நிதானத்தோடு திருத்திச் சொல்லிக்காட்டினாள்.

"பரவால்ல, வந்துடும். இந்த ஊர்ல பொறக்காதவங்களுக்குக் கொஞ்சம் கஷ்டந்தான்," என்றாள்.

அவள் காட்டிக்கொடுக்க மாட்டாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாலு பேர் பார்க்கத் திட்டியிருந்தால்கூட இவ்வளவு கேவலமாக இருந்திருக்காது. ஒடிலியாவின் முகம் காது மடல் வரை சிவந்திருந்தது.

பாடத்துக்குக் குரல் கொடுக்க எப்படி மனசு வந்தது என்று மாரித் கிச்சேயில் கேட்டாள். தொமாசா ஒரு ஏப்ரனை எடுத்து மடித்துக்கொண்டே, யார் முகத்தையும் பார்க்காமல் நீளமாகப் பதில் சொன்னாள். இந்தமுறை எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஒடிலியாவின் விரல்கள் மட்டும் கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டிருந்தன. பேச்சு முடிந்ததும் மாரித் ஒடிலியாவின் பக்கம் திரும்பி அக்கறையாக ஸ்பானிஷில் மொழிபெயர்த்தாள்.

"இவங்களுக்குக் கீழ டவுன்ல ஒரு தங்கச்சி இருக்காங்களாம். இங்க வர்றதே இல்லையாம். அவங்களுக்குப் பிள்ளைங்க இருக்குன்னு பேசிக்கிறாங்க, எத்தனைன்னு தெரியாதாம். போய்க் கதவத் தட்டினா தங்கச்சிக்குச் சங்கடமா இருக்கும்னு போகலையாம். பல்கலைக்கழகத்துலேருந்து வந்தவங்க, 'இது இலவசம், யார் வேணா வீட்டுல இருந்தே கேக்கலாம், யார்கிட்டயும் அனுமதி வாங்க வேணாம்'னு சொன்னாங்களாம். அந்தப் பிள்ளைங்க என்னிக்காவது கேக்கட்டும்னுதான் பேசிக்கொடுத்தாங்களாம்." மாரித் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "புரிஞ்சுதா ஒடிலியா? இன்னொரு தடவ சொல்லவா?"

"வேணாம். புரிஞ்சுது."

அந்தத் தங்கச்சி நான்தான் என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான் வேண்டியிருந்தது. அவள் வாய் திறந்தது. நான் சொல்லு, சொல்லு என்று மனசுக்குள் அடித்துக்கொண்டேன். வாய் மூடிக்கொண்டது.

தொமாசா ஏப்ரனை அடுக்கின் மேல் வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"டீச்சரம்மாவுக்குப் பிள்ளைங்க இருக்கா?"

"ரெண்டு."

"ரெண்டா," என்றாள் தொமாசா. அடுக்கின் மேல் வைத்த ஏப்ரனைக் கையால் நீவிவிட்டாள். "பொண்ணா, பையனா?"

"பெரியவ பொண்ணு. சின்னவன் பையன்."

"என்ன பேரு வச்சிருக்கீங்க?"

மாமியார் டிவியில் பார்த்து வைத்த பெயர்கள் அவை. "ஷெர்லின். ஜெஃபர்சன்," என்றாள் ஒடிலியா.

முதல் பெயர் தொமாசாவின் வாயில் எப்படியோ வழுக்கி வந்துவிட்டது. இரண்டாவது வரவில்லை. "ஜெப்பர்சோ," என்றாள். தலையை ஆட்டிக்கொண்டாள். "ஒழுங்கா வரலயே. மெதுவாச் சொல்லுங்க டீச்சரம்மா."

ஒடிலியா சொன்னாள். மேசைக்கு எதிரே உட்கார்ந்திருக்கும் மாணவருக்குச் சொல்வது போல, மேல்பல்லைக் கீழுதட்டில் வைத்துக் காட்டிச் சொன்னாள். தொமாசா அவள் உதட்டையே பார்த்துக்கொண்டு திருப்பிச் சொன்னாள். நடுவில் ஒருத்தி வந்து ஏப்ரனுக்கு விலை கேட்டாள். தொமாசா அவளைப் பொறு என்று கையமர்த்திவிட்டு மறுபடி சொன்னாள். மாரித் இதை விளையாட்டென்று நினைத்துக் கைதட்டினாள். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை, வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். இருவர் குரலும் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது, ஒரே பெயரை மாற்றி மாற்றி.

"இப்பச் சரியாச் சொல்றேனுங்களா?" என்று கேட்டாள் தொமாசா.

"சரியாச் சொல்றீங்கம்மா," என்றாள் ஒடிலியா.