பேர் வெட்டிய டம்ளர்

காரைக்குடி நீதிமன்றத்தில் என் விவாகரத்துத் தீர்ப்பின் நகலுக்காகக் காத்திருந்தேன். பக்கத்தில் அமர்ந்திருந்த பச்சைப் புடவைக்காரி அடிக்கடி வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் கணவரும் மனமொத்துப் பிரிய மனுப் போட வந்திருந்தார்கள்.

கணவர் வந்து தயங்கி நின்றார். "சீர்ச் சாமானெல்லாம் வேன்ல ஏத்தியாச்சு. ஒம் பேரு வெட்டுன காப்பி டம்ளர் ஒண்ணை மட்டும் நான் வச்சுக்கிறவா?"

"பிரிய வந்த எடத்துல டம்ளரா கேக்குறீக? வச்சுக்கங்க" என்று சிரித்தாள். பிறகு என்னிடம், "ஒங்க சாமானெல்லாம் வந்துருச்சா?" என்றாள்.

"எல்லாம் சரியா வந்துருச்சு."

நானேதான் சரிபார்த்தேன். ஒரு கரண்டிகூடக் குறையவில்லை. அன்று அது நிம்மதியாக இருந்தது.

என் பேர் வெட்டிய டம்ளர்கள் ஆறும் அலமாரியில் இருக்கின்றன. அவளிடம் ஒன்று குறையும். அந்தக் குறையின் மேல்தான் எனக்குப் பொறாமை.