மூன்று பூச்சு வெள்ளை

ஆடாதே அண்ணனுக்கு அந்தப் பெயரை யார் வைத்தார்கள் என்று யாருக்கும் ஞாபகமில்லை. கேமராவுக்குப் பின்னால் நின்று "ஆடாதீங்க, ஆடாதீங்க" என்று சொல்லிச் சொல்லி, பெற்றவர்கள் வைத்த பெயர் தேய்ந்துபோய் அதுவே நிலைத்துவிட்டது. ஆளும் பெயருக்கு ஏற்றவர்தான். நின்றால் நின்ற இடம், உட்கார்ந்தால் உட்கார்ந்த இடம். அவர் மனைவி நேர் எதிர். தையல்காரி, கால் தரையில் பாவாது. "நீங்க ஆடாம நில்லுங்க, உங்களுக்கும் சேத்து நானே ஆடிக்கிறேன்" என்பாள். ஒரே பெண். கல்யாணமாகி, விமானம் ஏறிப் போகிற தூரத்தில் இருக்கிறாள்.

ஸ்டுடியோ இரண்டாவது மாடியில். கீழே மருந்துக்கடை, அதற்கு மேலே வக்கீல் ஆபீஸ், அதற்கும் மேலே இவர்கள். ஒரு பக்கம் கேமரா, மறுபக்கம் தையல் மிஷின். அடையாள அட்டைக்கும் பாஸ்போர்ட்டுக்கும் படம் எடுக்க ஆட்கள் மூச்சு வாங்க ஏறி வருவார்கள். முதலில் மூச்சு ஆறட்டும் என்று அவள் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுப்பாள்.

ஒரு நாள் ஓய்வுபெற்ற தபால்காரம்மா ஒருவரை இரண்டு பேர் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். கால் விழுந்துவிட்டது. உதவித்தொகை அட்டைக்குப் படம் வேண்டும். தூக்கி வந்தவர்கள் வளைவில் ஒரு தடவை சுவரில் இடித்தும் விட்டார்கள். அந்தம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மூட்டையைத் தூக்கிட்டு நான் ஏறாத மாடி கிடையாது. இன்னிக்கு நானே மூட்டை" என்று சிரித்தார்.

அவர்கள் போன பிறகு தையல்காரி சாயங்காலம் வரை பேசவில்லை. அவள் பேசாமல் இருந்தால் ஏதோ முடிவாகிவிட்டது என்று அர்த்தம். விளக்கை அணைக்கும்போது சொன்னாள்: அவர்களால் மேலே வர முடியவில்லை என்றால் நாம் கீழே இறங்க வேண்டியதுதான், இதில் மண்டையை உடைத்துக்கொள்ள என்ன இருக்கிறது?

அப்படி வந்ததுதான் அந்தக் கேரவன். காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு ஊர் சுற்றுவார்களே, அந்தச் சக்கர வீடு. மெக்கானிக் ஒருவரின் கொட்டகைக்குப் பின்னால் டயர் மண்ணில் புதைந்து கிடந்தது. உள்ளே எலி குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. ஆடாதே அண்ணன் மூக்கைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார். அவள் உள்ளேயே நின்று கையால் முழம் போட்டு அளந்துகொண்டிருந்தாள்.

அவளுடைய தம்பி வெல்டர். அக்கா சொன்னால் மறுபேச்சு கிடையாது. மாமா சொன்னால் மட்டும் ஆயிரம் கேள்வி கேட்பான். கட்டில், அடுப்பு, கைகழுவும் தொட்டி எல்லாவற்றையும் பிடுங்கி வெளியே போட்டார்கள். வாசல் பக்கம் தரைப்பலகை பஞ்சாய்ப் போயிருந்தது, அதை மாற்றினார்கள். சக்கர நாற்காலி நுழைய வாசலை அகலமாக வெட்டி, மடக்கி வைக்கிற மாதிரி இரும்புச் சரிவு ஒன்றை அடித்தான் தம்பி. ஜன்னல்களை அடைத்து, சுவரெல்லாம் வெள்ளை பெயிண்ட் அடித்தார்கள். ஒரு கோடியில் பின்திரை, மறுகோடியில் கேமரா. கண்ணாடியை எங்கே மாட்டுவது என்று புருஷனுக்கும் பெண்சாதிக்கும் அரை நாள் சண்டை. அவர் நிற்கிற உயரத்துக்கு மாட்டினார். அவள் கழற்றி, உட்கார்ந்திருக்கிறவர் முகம் தெரிகிற உயரத்துக்கு இறக்கினாள். கையைத் தூக்க முடியாதவர்களுக்கென்று முன்பக்கம் மட்டும் உள்ள ஒரு கறுப்புக் கோட்டும் தைத்தாள். முன்னாலிருந்து போட்டுவிட்டு முதுகில் நாடாவைக் கட்டிவிட்டால் போதும், படத்தில் ஆள் கலெக்டர் மாதிரி இருப்பார்.

இவ்வளவும் நன்றாகத்தான் நடந்தது. இனிமேல்தான் வினை.

நிறம் சரியா என்று பார்க்க ஃபோட்டோக்காரர்கள் ஒரு சாம்பல் அட்டை வைத்திருப்பார்கள். அட்டை படத்தில் சாம்பலாகவே வந்தால் மற்ற நிறங்களும் ஒழுங்காக இருக்கின்றன என்று பொருள். இவரிடமும் ஒன்று இருந்தது, டிராயரில் தூங்கிக்கொண்டிருந்தது. இவருக்கு அட்டை, மனைவியின் முகம்தான். காலையில் கடை திறந்ததும் அவளை ஸ்டூலில் உட்காரவைத்து ஒரு படம். திரையில் அவள் நிறம் அவள் நிறமாகத் தெரிகிற வரைக்கும் விளக்கையும் கேமராவையும் திருகுவார். தெரிந்ததும் அந்தப் படத்தை அழித்துவிடுவார். கல்யாணமான நாளிலிருந்து இதே வழக்கம். அவள் முகம் சரியாக வந்தால் உலகத்தில் யார் முகமும் சரியாக வரும் என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கு ஒரு நாளும் தப்பியதில்லை.

கேரவனுக்குள் முதல் நாள் அவளை உட்காரவைத்து எடுத்தார். படம் மஞ்சளாக வந்தது.

"சுவர் மஞ்சள் அடிக்குது" என்றார். பழைய பலகையின் பிசின் வெள்ளையைத் தாண்டி வருகிறது என்று இன்னொரு பூச்சு அடித்தார்கள். மறுபடியும் மஞ்சள். பெயிண்ட்கடைக்காரரிடம் போய், இது என்னய்யா வெள்ளை, தயிர் மாதிரி இருக்கிறது என்று சண்டை பிடித்தார். இதைவிட வெள்ளை வேண்டுமென்றால் பாலை வாங்கித்தான் அடிக்க வேண்டும் என்று கடைக்காரர் திருப்பிக் கொடுத்தார். விளக்குகளை மாற்றினார். மூன்றாவது பூச்சு அடித்தார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு சுவரைத் தடவித் தடவிப் பார்த்தார். டிராயரில் தூங்கிய அட்டையைக்கூட எடுத்து வந்து படம் பிடித்துப் பார்த்தார். அட்டை அச்சு அசலாகச் சாம்பலாக வந்தது. அட, அப்போதாவது யோசிக்க வேண்டாமா மனுஷன்? அட்டை பழசாகிவிட்டது, அழுக்கேறிவிட்டது என்று தூக்கிப் போட்டுவிட்டார்.

அவளுக்குக் கையெல்லாம் அரிப்பு. பெயிண்ட் ஒத்துக்கொள்ளவில்லை என்றாள். சாப்பாட்டைக் கண்டாலே குமட்டியது. தின்னர் வாடை என்றாள். சட்டை தொளதொள என்று ஆனதும், மிஷினில் உட்கார்ந்து தன் சட்டையைத் தானே பிடித்துத் தைத்துக்கொண்டாள். இந்த வண்டி வேலை நம்மை இளைக்க வைத்துவிட்டது, நல்லதாகப் போயிற்று என்று தம்பியிடம் பெருமை வேறு. வந்ததெல்லாம் வண்டியின் தலையில் விழுந்தது. பாவம் வண்டி, வாயில்லா ஜீவன்.

கடைசியில் ஆடாதே அண்ணன் ஒரு வழி கண்டுபிடித்தார். மஞ்சளைக் கழிக்கிற மாதிரி கேமராவிலேயே ஒரு கணக்கை ஏற்றி வைத்தார். திரையில் மனைவியின் முகம் பழைய நிறத்துக்கு வந்தது. அன்றைக்கு அவருக்கு வந்த சந்தோஷத்துக்கு அளவில்லை. அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம் கழிக்க வேண்டியிருந்தது, அதற்கடுத்த வாரம் இன்னும் கொஞ்சம். காயக் காய சுவரில் மஞ்சள் கூடுகிறது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். ஒரு தடவை மச்சானை உட்காரவைத்து எடுத்தபோது அவன் நீலம் பூத்து வந்தான். வெல்டிங் வெளிச்சம் முகத்தில் ஏறிப்போச்சுடா என்று மூன்று பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அவள்தான் அதிகம் சிரித்தாள்.

வண்டியின் முதல் நாள் தபால்காரம்மாவின் தெருவில் என்று அவள் எப்போதோ முடிவு செய்திருந்தாள். சரிவை இறக்கினார்கள். அந்தம்மா தன் கையாலேயே சக்கரத்தை உருட்டிக்கொண்டு உள்ளே ஏறினார். யாரும் தூக்கவில்லை. தையல்காரி கோட்டைப் போட்டுவிட்டு நாடாவைக் கட்டினாள். படம் எடுத்தார். அந்தம்மாவின் உதடும் கன்னமும் நீலம் பாரித்து வந்தன.

"என்னப்பா, என்னை இப்பவே பெட்டியில வெச்சுட்டியா?" என்றார் அந்தம்மா.

ஆடாதே அண்ணனுக்கு மானம் போயிற்று. ஏற்றி வைத்த கணக்கையெல்லாம் எடுத்துவிட்டு மறுபடி எடுத்தார். அந்தம்மாவின் முகம் உள்ளது உள்ளபடி, பளிச்சென்று வந்தது. அவருக்குத் தலைகால் புரியவில்லை. ஒன்று சுவர் மஞ்சள் அடிக்க வேண்டும், இல்லை அடிக்கக்கூடாது. மனைவியைக் கூப்பிட்டு, அந்தம்மாவின் பக்கத்தில் கொஞ்சம் உட்காரச் சொன்னார். அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு, தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்து, எப்போதும்போல நாக்கைத் துருத்திக் காட்டிவிட்டு நேராகப் பார்த்தாள். எடுத்தார்.

ஒரே படம், ஒரே விளக்கு, ஒரே சுவர். தபால்காரம்மா தன் நிறத்தில் இருந்தார். பக்கத்தில் அவர் மனைவி மஞ்சளாக இருந்தாள்.

அவர் திரையைப் பார்த்துக்கொண்டே நின்றார். என்ன ஆச்சு என்று அவள் கேட்டாள். அவர் அவள் கையைப் பிடித்து வாசலுக்குக் கூட்டிப்போய், வெயிலில் நிறுத்தி, கண்ணின் கீழ்ச்சதையை விரலால் இழுத்துப் பார்த்தார். வெள்ளை இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளை இல்லை. காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்கள். இங்கே எல்லாம் தலைகீழ். காமாலை ஒருத்தியின் உடம்பில் ஏறிக்கொண்டிருக்க, பார்க்கத் தெரிந்த மனுஷன் பழியைச் சுவர்மேல் போட்டு மூன்றாவது பூச்சு வரை அடித்திருக்கிறார்.

ஆஸ்பத்திரியில் பார்த்தார்கள். பித்தம் இறங்குகிற குழாயை ஒரு கட்டி நெரித்துக்கொண்டிருந்தது. மஞ்சள் எப்போதிலிருந்து என்று டாக்டர் கேட்டார். ஒரு வாரம் இருக்கும், நேற்றுதான் கவனித்தோம் என்று அவள் சொன்னாள். அவர் பக்கத்தில் நின்றார், வாயைத் திறக்கவில்லை. கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் அறுத்து எடுக்கப் பார்த்திருக்கலாம், இப்போது பரவிவிட்டது என்றார் டாக்டர். குழாய் ஒன்று வைத்தார்கள். கொஞ்ச நாள் தெளிந்தது, மறுபடி ஏறியது.

சொல்லாததை மனசில் வைத்துக்கொண்டு அவரால் எத்தனை நாள் இருக்க முடியும்? சோறு இறங்கவில்லை. ஒரு மத்தியானம் அவள் படுக்கையில் சாய்ந்து ஏதோ பட்டன் தைத்துக்கொண்டிருந்தபோது எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். முதல் படத்திலிருந்தே மஞ்சள் தெரிந்தது, வாராவாரம் கூடியது, தான்தான் கழித்துக் கழித்து வைத்தது, எல்லாம். அவள் ஊசியைத் துணியில் குத்தி நிறுத்தினாள்.

"வண்டிக்கு மூணு வாட்டி வெள்ளை அடிச்சீங்க. ஒரு வாட்டி, என்னம்மா உனக்கு உடம்புக்கு என்னன்னு கேட்டீங்களா?"

"உன் முகம் தப்பா இருக்கும்னு எனக்குத் தோணவே இல்லம்மா. அதை நம்பித்தானே இத்தனை வருஷம்..."

"முகத்தை நம்புனீங்க. என்னைப் பார்க்கல."

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அடுத்து சில நாள் தண்ணீர் வேண்டும், ஜன்னலைச் சாத்துங்கள் என்பதற்கு மேல் அவரிடம் பேசவில்லை. கோபம்தான், வேறென்ன? வாழ ஆசைப்பட்டவளுக்கு வந்த நியாயமான கோபம். சமையலறையில் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே அவர் அழுதது அவளுக்கும் கேட்டது. அவள் கூப்பிடவில்லை.

அப்புறம் ஒரு நாள் தானாகவே பேச்சைத் தொடங்கினாள். மகள் பிள்ளைத்தாய்ச்சி, விமானம் ஏறக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். பிரசவமாகி அவள் வருகிறபோது தான் இருக்கப்போவதில்லை என்று இவளுக்குத் தெரிந்திருந்தது.

"அவகிட்ட நீங்கதான் சொல்லணும். அவளா தெரிஞ்சுக்கிட்டா உங்க மூஞ்சியிலயே முழிக்க மாட்டா. அப்புறம் உங்களுக்குன்னு யாரு இருக்கா?"

சொல்கிறேன் என்று தலையாட்டினார். அதோடு, தன்னை வண்டிக்குள் கூட்டிப்போய் ஒரு படம் எடுக்கச் சொன்னாள். அழிக்காத படமாக இருக்க வேண்டும் என்றாள். தம்பிதான் அவளை நாற்காலியில் வைத்துச் சரிவில் தள்ளிக்கொண்டு போனான். கண்ணாடியில் தலையை ஒதுக்கிக்கொண்டாள், குனியவேண்டிய அவசியமில்லாமல். கோட்டு வேண்டாம் என்றாள். ஆடாதீங்க என்று அன்றைக்கு அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவள் ஆடாமல்தான் இருந்தாள், ஆடத் தெம்பில்லை. எடுத்து முடித்ததும் பழக்கதோஷத்தில் அவர் கை மஞ்சளைக் கழிக்கப் போனது. அவள் அதைப் பார்த்துவிட்டாள்.

"இருக்கட்டும், விடுங்க" என்றாள்.

அந்த மாதக் கடைசியில் போய்விட்டாள்.

மகள் கைக்குழந்தையோடு வந்து சேர்ந்தபோது கோடை வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. மாமாவைக் கட்டிக்கொண்டு அழுதாள், அப்பாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். வந்த நாளிலிருந்து அப்பாவுக்குச் சாப்பாடு போட்டாள், தலைவலி மாத்திரை எடுத்துக் கொடுத்தாள், எங்களோடு வந்து இருந்துவிடுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அவள் அன்பாக இருக்க இருக்க அவருக்குச் சொல்ல வாய் வரவில்லை. இன்று சொல்லலாம், குழந்தை தூங்கட்டும், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே போனார். மச்சான் அவரை முறைப்பான், ஒன்றும் சொல்லமாட்டான். அவனுக்கும் நீலம் பூத்த தன் படம் மறக்கவில்லை.

ஊருக்குத் திரும்புவதற்கு முந்தின நாள், அம்மா படம் ஒன்று வேண்டும் என்றாள் மகள். அவர் அந்தப் படத்தைப் பெரிதாகப் போட்டு எடுத்து வந்து கொடுத்தார். அவள் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே, ஒரு கையால் படத்தைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தாள்.

"இவ்வளவு மஞ்சளா இருந்திருக்காங்களே. முன்னாடியே யாருக்கும் தெரியலையாப்பா?"

அவர் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"தெரிஞ்சுது. எனக்குத் தெரிஞ்சுதும்மா. நான் சுவருக்கு வெள்ளை அடிச்சேன்."