வெர்லின் போட்ட இரண்டு கையெழுத்துகள்

வெர்லின் ஸ்ட்ரவுட்டிடம் அடி வாங்காதவர்கள் அந்தப் பந்தயத் தடத்தில் குறைவு. கிழக்கு ஓக்லஹோமாவில் சோளக்காட்டுக்கு நடுவே கால் மைல் நீளத்துக்கு ஒரு தார் ரோடு. அங்கே சனிக்கிழமை வரும் கார்களைப் பரிசோதிப்பது அவர் வேலை. போன வருடம் ஒருவன், காலாவதியான இருக்கை பெல்ட்டில், வேறொரு பெல்ட்டின் புதுத் தேதிச் சீட்டைப் பிரித்துத் தைத்துக்கொண்டு வந்தான். வெர்லின் கத்தியால் பெல்ட்டை அறுத்துப் போட்டார். வாய் பேசியவனின் மூக்கையும் உடைத்தார். தடத்தின் முதலாளி இரண்டு வாரம் வீட்டில் உட்காரச் சொன்னார். மூன்றாவது வாரம் வேறு ஆள் கிடைக்காமல் அவரே போய்க் கூப்பிட்டுக்கொண்டு வந்தார்.

ஊர் அவரைக் கண்டிப்பானவர் என்று நினைத்தது. கண்டிப்பாவது மண்ணாவது. அந்த மனிதரை உள்ளே ஒன்று தின்றுகொண்டிருந்தது.

கால் மைலைப் பத்து விநாடிக்குள் கடக்கிற காரை ஓட்ட உரிமம் வேண்டும். அதற்கு ஒரு சோதனை. ஓட்டுபவரைக் காருக்குள் உட்காரவைத்துக் கண்ணைக் கட்டிவிடுவார்கள். வெளியே நிற்பவர் பெட்ரோல் வால்வு, காரை இழுத்து நிறுத்தும் பாராசூட்டின் கைப்பிடி என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்ல, ஓட்டுபவர் தடவித் தேடாமல் சரியாகத் தொட வேண்டும். ஏற்கெனவே உரிமம் உள்ள இரண்டு பேர் அதைப் பார்த்துப் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் கிளீட் ஹார்கிஸ் தன் காரைப் பிரித்துப் புதிதாகக் கட்டியிருந்தான். தீயணைப்புக் கைப்பிடியை இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் மாற்றியிருந்தான். அதனால் சோதனையை மறுபடி முடிக்க வேண்டியிருந்தது. "இருபது வருஷமா ஓட்டறேன், எனக்கெதுக்குடா கண்கட்டு வித்தை?" என்று சிரித்தான். வெர்லினும் சிரித்தார். பீர் பாட்டிலை லாரியின் முன்மூடியில் ஓரமாக வைத்துவிட்டு, பார்க்காத சோதனைக்கு ஏதோ ஒரு தேதி எழுதி, 'பார்த்தேன்' என்று கையெழுத்துப் போட்டார். மூன்றாம் வாரம் கொதிக்கும் எண்ணெய் பீறிட்டுக் கார் தீப்பிடித்தது. வெர்லின் ஜன்னல் வழியாகக் கையை விட்டு இழுத்தபோது கையுறையோடு சேர்ந்து கிளீட்டின் கைத்தோலும் கழன்று வந்தது. கிளீட்டின் இடக்கை, கைப்பிடி முன்பு இருந்த இடத்தைப் பிறாண்டிக்கொண்டே இருந்தது. மூன்று நாள் கிடந்து செத்தான்.

இப்போது கிளீட்டின் மனைவி நடீன் தானே கட்டிய காரோடு வந்து நின்றாள். முதல் கையெழுத்து வாங்கியாயிற்று. இரண்டாவதற்கு வெர்லின்தான் வேண்டுமாம்.

"வேற யாரையாவது கேளு நடீன்."

"உன்னைத்தான் கேக்கறேன். கண்ணைக் கட்டு."

கட்டினார். அவள் தோற்றுவிட வேண்டும் என்று மனதார வேண்டினார். தோற்றால் கையெழுத்துப் போட வேண்டாம், அவளும் எரிய வேண்டாம்.

"பெட்ரோல் வால்வு." தொட்டாள். "பாராசூட்." தொட்டாள். "பெல்ட் கொக்கி. தீயணைப்பு." தொட்டாள், தொட்டாள்.

வெர்லினுக்கு வெறி ஏறியது. ஸ்பானரை எடுத்துக் கார்க் கூரையில் ஓங்கி அடித்தார். தகரம் குழிந்தது. "தீப்பிடிச்சிருச்சுடி, காலுக்குக் கீழே தீ! தீயணைப்பு எங்கே? கொக்கி எங்கே?" கதவை உதைத்தார், கத்தினார், மறுபடி அடித்தார். அவள் கை ஒரு தடவைகூடத் தவறவில்லை.

அவர் மூச்சிரைத்து நின்றார். கட்டை அவிழ்க்காமலேயே நடீன் கேட்டாள்.

"கிளீட் எத்தனை தடவை தப்பாத் தொட்டான்?"

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது.

"அவன் உக்காரவே இல்ல, நடீன்."

"தெரியும். அவனோட படிவத்துல சோதனை நடந்ததா நீ போட்ட தேதியில எங்கம்மாவைப் புதைச்சோம். நாள் முழுக்க அவன் என் பக்கத்துலதான் நின்னான். நீயா சொல்லுவியான்னு பன்னெண்டு வருஷம் பார்த்தேன்."

கட்டை அவிழ்த்து இறங்கினாள். தலைக்கவசத்தின் பட்டையைப் பிடித்துச் சுழற்றி அவர் முகத்தில் அடித்தாள். அவர் தடுக்கவில்லை. இரண்டாம் அடியில் தாடை நொறுங்குகிற சத்தம் பக்கத்துக் கொட்டகை வரை கேட்டது. மூன்றாவதில் மண்டியிட்டு விழுந்தார். ஓடிவந்த ஆட்களைக் கையைக் காட்டி நிறுத்தினார்.

நடீன் படிவத்தை அவர் முன்னால் மண்ணில் வைத்தாள், பேனாவும் வைத்தாள்.

"போடு."

கோணிக்கிடந்த வாயோடு, "நானா?" என்றார்.

"இன்னிக்கு நீ பார்த்தே இல்ல?"

வெர்லின் போட்டார். ரத்தம் சொட்டிச் சொட்டித் தாளை நனைத்தது. பெயரின் எழுத்துகள் ஒவ்வொன்றாகத்தான் வந்தன. அவள் குனிந்து தாளை எடுத்து, மடித்து, சட்டைக்குள் வைத்துக்கொண்டாள்.

"இனிமே நான் எரிஞ்சா அது என் தப்பு," என்றாள். "அவன் எரிஞ்சது உன் தப்பு. அதையும் இதையும் போட்டுக் குழப்பிக்காதே."

காரைக் கிளப்பிக்கொண்டு வரிசையில் போய் நின்றாள்.