பாதிப் பாட்டு

வெள்ளிமலைக்கு ஏறும் பஸ்ஸில், மகள் எந்தப் பாட்டையும் முடியவிடாமல் போனில் மாற்றிக்கொண்டே வந்தாள். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

நான் வளர்ந்த கச்சிராயபாளையத்து வீட்டில் ரேடியோவுக்கும் டார்ச் லைட்டுக்கும் சேர்த்து ஒரே ஜோடி பேட்டரிதான். பொழுது சாய்ந்ததும், பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே அப்பா அதைக் கழற்றுவார்.

"கரும்புக்குத் தண்ணி கட்டப் போவணும். கூத்துப் பாட்டுன்னா உக்காந்து கேக்கலாம். சினிமாப் பாட்டுல இன்னா கீது?"

அம்மா அடுப்பை ஊதிக்கொண்டே, அறுந்த இடத்திலிருந்து மீதிப் பாட்டைத் தன் இஷ்டத்துக்கு மெட்டுப்போட்டு, வாய்க்காலைத் தாண்டும் அப்பாவுக்குக் கேட்கிற மாதிரி உரக்கப் பாடுவாள்.

அதிலொரு பாட்டை மகளிடம் போடச் சொன்னேன். பாதிக்குமேல் யாரோ வேற்றாள் பாடுவது போலிருந்தது.

"இது இப்படி முடியாதுடி."

"ஒரிஜினலே இதாம்மா."

போனைப் பிடுங்கி நிறுத்தினேன். மீதியை நானே பாடினேன்.