எண்பத்தெட்டும் என் மச்சானும்

என் மச்சானை எனக்குப் பிடிக்காது. முதல்லயே சொல்லிடறேன், அப்புறம் நடுவுல வந்து "என்னய்யா இப்படிப் பேசறே"ன்னு கேக்கக்கூடாது. மச்சான்னா என் பொண்டாட்டியோட அண்ணன். ரோட்டுல போலீஸ்காரங்க ஸ்பீடு கன்னை நீட்டி வண்டியோட வேகத்தைப் பிடிக்கிறாங்களே, அந்தக் கன் சரியாக் காட்டுதான்னு சோதிச்சு முத்திரை குத்தறது அவன் வேலை. நான் பஸ் டிரைவர், பத்தொன்பது வருஷ சர்வீஸ். எங்க ரெண்டு பேரையும் ஒரே குடும்பத்துல கொண்டு வந்து சேர்த்தவனைத்தான் உதைக்கணும்.

அவன் ஆபீஸ்னா ஒரு நீளமான வராண்டா. தரையில பத்து மீட்டருக்கு ஒரு பித்தளை ஆணி, கோடியில ஒரு வெள்ளைப் பலகை. கன்னைத் தாங்கியில வெச்சு விசையை அழுத்துவான். வெளிச்சம் போய்ப் பலகையில பட்டுத் திரும்பி வரும். போய்வர ஆன நேரத்தை வெச்சுத் தூரம் தெரியும். நொடிக்குள்ள நூத்துக்கணக்கான தடவை அதையே செஞ்சு, தூரம் எவ்வளவு குறைஞ்சுதுன்னு பார்த்தா வண்டியோட வேகம். இருபத்திரண்டு வருஷமா இதையேதான் செய்யறான். வராண்டா பெருக்கறவங்க அந்த ஆணிகளைத் தொட்டா அவனுக்குப் பொறுக்காது, அவனே மண்டி போட்டுத் துடைப்பான்.

ஊரே அவனை 'அளவு'ன்னுதான் கூப்பிடும். "சுமார்"ங்கிற வார்த்தை அவன் வாயில வந்து நான் கேட்டதில்ல. நாங்க கடன் கிடன் வாங்கி வீடு கட்டி முதல் நாள் எல்லாரையும் கூப்பிட்டா, இந்த ஆளு சட்டைப்பையிலேர்ந்து டேப்பை எடுத்து, "மாப்பிள்ளை, இந்தச் சுவர் ரெண்டு விரல்கடை கோணல்"னு கூடத்துல நின்னு சொன்னான். அன்னிக்கே என் வயிறு எரிஞ்சுது. அவனுக்குக் கல்யாணமும் ஆகலை. ஒரு பொண்ணு வலிய வந்து "என்னைப் பிடிச்சிருக்கா"ன்னு கேட்டிருக்கு. "பாதி தெரியுது, மீதிக்கு இன்னும் கொஞ்சம் பழகிப் பார்க்கணும்"னானாம். அந்தப் பொண்ணு அதோட எந்திரிச்சுப் போனதுதான்.

ஞாயித்துக்கிழமை மத்தியானம் எங்க வீட்டுலதான் சாப்பாடு. சாப்பிடறப்போ வாயை மூடிக்கிட்டுச் சாப்பிட மாட்டான்.

"மாப்பிள்ளை, ஓடற பஸ்ஸுலேர்ந்து முன்னாடி ஒரு பந்தை எறிஞ்சா, பஸ்ஸோட வேகமும் பந்துக்குச் சேரும். சரியா?"

"சரி."

"ஹெட்லைட்டைப் போடறீங்க. அந்த வெளிச்சத்துக்கும் பஸ் வேகம் சேருமா?"

"சேராம எங்க போகும்?"

"சேராது. நொடிக்கு மூணு லட்சம் கிலோமீட்டர். பஸ்ஸுல இருந்து நீங்க அளந்தாலும் அதேதான், ரோட்டோரம் நிக்கிறவன் அளந்தாலும் அதேதான். அதைத் துரத்திட்டு ஓடுங்க, எதிர்ல ஓடி வாங்க, ஒரு இம்மி கூடாது குறையாது."

"ரெண்டு பேருக்கும் எப்படிய்யா ஒரே கணக்கு வரும்?"

"வேகம்னா என்ன? தூரத்தை நேரத்தால வகுத்தது. வெளிச்சம் விட்டுக்கொடுக்க மாட்டேங்குது. அதனால தூரமும் நேரமும் விட்டுக்கொடுக்குது. ஓடறவனோட கடிகாரம், நிக்கிறவன் பார்த்தா மெதுவாப் போகும். ஓடற பஸ் கொஞ்சம் குட்டையாத் தெரியும். நம்ம வேகத்துக்கு அது கண்ணுக்குப் பிடிபடாது, அவ்வளவுதான்."

சொன்னதோட விட்டானா? பேப்பரை எடுத்துக் கணக்குப் போட்டான். "பத்தொன்பது வருஷம் ஓட்டினதுல உங்களுக்கு வயசு கொஞ்சம் குறைஞ்சிருக்கு மாப்பிள்ளை. ஒரு நொடியைப் பத்து லட்சமாப் பிச்சா, அதுல ஒரு துண்டுகூட முழுசா வராது."

என் பொண்டாட்டி விழுந்து விழுந்து சிரிச்சா. "அதான் இன்னும் புத்தி வரலை"ன்னா. அண்ணனும் தங்கச்சியும் சேர்ந்தா நான் அந்த வீட்டுல மூணாவது ஆள்.

இப்ப விஷயத்துக்கு வரேன். எங்க டிப்போவுல மூணு தடவை வேகத்துக்குப் பிடிபட்டா வேலை காலி. ரெண்டு தடவை நான் மாட்டியிருந்தேன், அது என் தப்புதான், மறைக்கலை. மூணாவது தடவை சத்தியமா நான் மெதுவாத்தான் போனேன். அறுபது தாண்டக்கூடாத ரோடு. பஸ்ஸுல ஸ்பீடாமீட்டர் முள்ளு செத்து ஒரு வாரம், நானே எழுதிக் கொடுத்திருக்கேன். ஆனா பத்தொன்பது வருஷம் ஓட்டின காலுக்குத் தெரியாதா? எதிர்ல போலீஸ் ஜீப் வந்துது, கன்னை நீட்டினாங்க, எண்பத்தெட்டுன்னாங்க. ரெண்டு பசங்க படிக்குதுங்க. இந்த வயசுல வேற எந்த முதலாளி வேலை கொடுப்பான்?

அந்தக் கன்னுல இருந்தது என் மச்சான் குத்தின முத்திரை.

வீட்டுக்கு வரவழைச்சேன். கையைப் பிடிச்சுக்கிட்டுக் கேட்டேன். "மச்சான், கன்னுல கோளாறுன்னு ஒரு வரி எழுதிக் கொடுங்க. உங்க தங்கச்சி நடுத்தெருவுக்கு வந்துடுவா."

"கோளாறு இல்லையே மாப்பிள்ளை. எங்க நின்னு பிடிச்சாங்க?"

"இருக்குன்னு எழுதுங்கன்னுதான் சொல்றேன்!"

"எழுத முடியாது. எங்க நின்னு பிடிச்சாங்கன்னு கேக்கறேன்."

"என்னையே கேள்வி கேக்கிறியா நீ?" எனக்குக் கொதிச்சுப் போச்சு. "தங்கச்சி சோத்துல மண்ணள்ளிப் போடற நீயெல்லாம் ஒரு அண்ணனா? வெளியே போடா! இனிமே இந்த வாசப்படி மிதிச்சா காலை உடைப்பேன்!"

செருப்பைக்கூட மாட்டலை, கையில எடுத்துக்கிட்டுப் போனான். என் பொண்டாட்டி அடுப்படியில நின்னு அழுதா. அதுக்கப்புறம் அவ என்கூட சரியாப் பேசலை.

விசாரணை டிப்போ மாடியில நடந்துது. ஒரு மேஜை, ஒரு அதிகாரி, போலீஸ்காரர் ஒருத்தர், கன்னுக்கு முத்திரை குத்தினவன்ங்கிறதால சாட்சிக்கு என் மச்சான். அதிகாரி முதல்ல அவன்கிட்டத்தான் கேட்டார்.

"டிரைவர் உங்களுக்கு உறவா?"

"தங்கச்சி வீட்டுக்காரர்."

போலீஸ்காரர் துள்ளினார். "சார், சொந்தக்காரன் சாட்சி செல்லாது!"

"போன மாசம் இவர் என்னை வீட்டை விட்டு விரட்டினார்"னான் மச்சான். குரல்ல ஏத்தம் இறக்கம் எதுவும் இல்ல. "எனக்கு இவர் மேல பாசம் கிடையாது. எழுதிக்குங்க."

அதிகாரி எழுதிக்கிட்டார். சரி, இவன் என்னைக் கவுத்துடப் போறான்னு நினைச்சு, ஞாயித்துக்கிழமைப் பாடத்தை வெச்சே அவனை மடக்கிடலாம்னு நான் எந்திரிச்சேன். "சார், கன்னைப் பிடிச்சப்ப ஜீப் ஓடிட்டிருந்தது. ஓடற வண்டியிலேர்ந்து விட்டா ஜீப்போட வேகமும் வெளிச்சத்துக்குச் சேரும். பந்து மாதிரி. அதனாலதான் கன்னு தப்பாக் காட்டியிருக்கு."

"தப்பு"ன்னான் மச்சான், என் மூஞ்சியைப் பார்க்காமலே. "வெளிச்சம் பந்து இல்ல. ஜீப் நின்னாலும் ஓடினாலும் அதோட வேகம் ஒண்ணுதான். இவருக்குப் பலதடவை சொல்லியிருக்கேன், ஏறலை."

அந்த அறையில அத்தனை பேரும் சிரிச்சாங்க. போலீஸ்காரருக்கு வாயெல்லாம் பல்லு. "ஆமா சார், ஜீப் ஓடிட்டுத்தான் இருந்தது. முப்பது முப்பத்தஞ்சுல எதிர்ல வந்தோம். அதனால என்ன? வெளிச்சம் மாறாதுன்னு இவரே சொல்லிட்டாரே!"

மச்சான் மெதுவா அவர் பக்கம் திரும்பினான். "முப்பதுக்குக் குறையாது?"

"குறையாது."

"எழுதிக்குங்க சார். வெளிச்சம் மாறலை, கன்னும் சரி. ஆனா கன்னுக்கு யார் எவ்வளவு ஓடறாங்கன்னு தெரியாது. நடுவுல இருக்கற தூரம் எவ்வளவு சீக்கிரம் குறையுதுங்கிறதுதான் தெரியும். ரெண்டு வண்டியும் எதிர் எதிர்ல வந்தா, ரெண்டு வேகமும் சேர்ந்துதான் அந்த எண்பத்தெட்டு. சரியாச் சொன்னா, கூட்டினதைவிட ஒரு துளி குறைவு..."

"துளியை விடுங்கய்யா!"ன்னார் அதிகாரி.

"ஜீப்புக்கு முப்பதுன்னா பஸ் ஐம்பத்தெட்டு. முப்பத்தஞ்சுன்னா ஐம்பத்துமூணு. நின்ன இடத்துலேர்ந்து மட்டும் பிடிக்கணும்னு என் சான்றிதழ்லயே ரெண்டாவது வரியில இருக்கு. யாரும் ரெண்டாவது வரி படிக்கிறதில்ல."

போலீஸ்காரர் மூஞ்சியில ஈயாடலை. நான் அப்படியே உக்காந்துட்டேன். எங்க நின்னு பிடிச்சாங்கன்னு அன்னிக்கு என்னை ரெண்டு தடவை கேட்டானே, பாவி, நான் பதில் சொல்லியிருந்தா அன்னிக்கே முடிஞ்சிருக்கும்.

பத்து நாள்ல உத்தரவு வந்தது. வேலை இருக்கு. "விரோதம் உள்ள உறவினரே ஆதரவாகச் சொன்னதால் சாட்சியம் நம்பத்தக்கது"ன்னு அதுலயே எழுதியிருந்தாங்க. நான் விரட்டினதுதான் என்னைக் காப்பாத்தியிருக்கு. பொண்டாட்டி அதைப் படிச்சிட்டு, "போய் அண்ணனைக் கூட்டிட்டு வாங்க"ன்னா.

போனேன். வராண்டாவுல மண்டி போட்டு ஆணி துடைச்சுக்கிட்டிருந்தான்.

"மச்சான், என் மேல பாசம் கிடையாதுன்னு அன்னிக்குச் சொன்னீங்களே. சாட்சி செல்லணும்னு சும்மாத்தானே சொன்னீங்க?"

துணியை மடிச்சுக் கீழ வெச்சான். "சாட்சி சொல்றப்ப சும்மா எப்படிச் சொல்லுவேன் மாப்பிள்ளை?"

"ஞாயித்துக்கிழமை சாப்பிட வாங்க"ன்னேன்.

"தங்கச்சியை இங்க அனுப்பி வைங்க. அவளைப் பார்த்து நாப்பத்தாறு நாள் ஆச்சு"ன்னான். அடுத்த ஆணிக்கு நகர்ந்துட்டான்.

இப்ப ஞாயித்துக்கிழமையானா அவ சாப்பாட்டைக் கட்டி எடுத்துக்கிட்டு அண்ணன்கிட்டப் போயிடறா. நானும் பசங்களும் அந்தக் கோணல் சுவரைப் பார்த்துக்கிட்டுச் சாப்பிடறோம். அந்த ஆளுகிட்ட என் வாழ்க்கையில ரெண்டே ரெண்டு தடவை ஒரு பொய் கேட்டேன். ரெண்டு தடவையும் தரலை.