வேலிகாத்தான் காய் தின்ற பசு

அக்கா வீட்டுப் பசு பட்டினியால் செத்தது. அதன் முன்னால் வைக்கோலும் கிடந்தது, ஊறவைத்த தவிடும் இருந்தது. மெல்லத்தான் அதனால் முடியவில்லை.

எங்கள் அப்பாவும் அம்மாவும் காலமெல்லாம் அடுத்தவர் வயலில் நட்டு அறுத்தவர்கள். நான் படித்து, கோவளத்தில் ஒரு பள்ளியில் தாவரவியல் சொல்லிக்கொடுக்கிறேன். அக்கா பத்தாவதோடு நின்றுவிட்டாள். அவளை அச்சரப்பாக்கம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் கட்டிக்கொடுத்தார்கள். மாமாவுக்கு மறைமலைநகரில் ஒரு கம்பெனியில் காவலாளி வேலை. ஞாயிற்றுக்கிழமைதான் வீட்டுக்கு வருவார். பிள்ளைகள் இல்லை. மற்ற நாளெல்லாம் அக்கா பேசுவது அந்தச் செவலைப் பசுவோடுதான். போனில் என்னோடு பேசிக்கொண்டிருக்கும்போதே நடுவில் அதையும் அதட்டுவாள்.

அந்த வருஷம் ஐப்பசி, கார்த்திகை இரண்டும் பொய்த்துவிட்டன. பங்குனிக்கெல்லாம் வரப்பில் ஒரு புல் இல்லை. வைக்கோலும் எங்கேயும் கிடைக்கவில்லை. பச்சையாக நின்றது ஏரி மட்டும்தான். ஏரி என்றால் தண்ணீர் இல்லை. கரையிலிருந்து கரைவரைக்கும் வேலிகாத்தான் முள்காடு. புத்தகத்தில் சீமைக் கருவேலம் என்று போட்டிருக்கும் மரம்தான். அதன் இலையை மாடு சீண்டாது. ஆனால் வெயில் ஏற ஏற மஞ்சள் மஞ்சளாகக் காய் உதிரும். அதற்கு மட்டும் மாடுகள் ஓடும்.

கோடை விடுமுறைக்கு நான் போனபோது அக்கா வீட்டுக் கொட்டகையில் சாக்குச் சாக்காக அந்தக் காய் அடுக்கியிருந்தது. முள்ளுக்குள் குனிந்து பொறுக்கியதில் அவள் முழங்கை இரண்டிலும் கீறல். ஒரு காயை எடுத்துக் கடித்துப் பார்த்தேன். கடைசியில் லேசாகத் துவர்த்தாலும் வெல்லம் மாதிரி இனித்தது.

"இன்னாடி, உனுக்கே புடிச்சிருச்சா?" என்று சிரித்தாள் அக்கா. "மயதான் பெய்யாம ஏமாத்திருச்சி. இது ஒண்ணாவது கீதே. பாலு கூட முன்னவிட நல்லாத்தான் வருது."

"சாணியில கொட்டை அப்படியே வெளிய வரும்க்கா. மாட்டு வயித்துக்குள்ள போயிட்டு வந்தா இன்னும் சீக்கிரம் முளைக்கும்" என்றேன்.

"மொளைச்சா புடுங்கிக்கிறேன் போ."

முளைத்தது. வீட்டுக்குப் பின்னால் கத்தரிப் பாத்திக்கு அந்தச் சாணியைத்தான் எருவாகப் போட்டிருந்தாள். ஆனியில் போன் செய்து அலுத்துக்கொண்டாள். "கத்திரிக்கு ஊத்துற தண்ணியெல்லாம் வேலிகாத்தானுக்குத்தான்டி போவுது. மேல ஒடிச்சா அடியில மறுபடியும் தழைக்குது." இதுதான் அந்த மரத்துக்கும் மாட்டுக்கும் உள்ள ஏற்பாடு என்று அவளுக்கு விளக்கினேன். மரம் இனிப்பைத் தரும், மாடு விதையைச் சுமக்கும். வகுப்பில் சொல்வதைப்போலவே சொன்னேன். தின்னும் மாட்டுக்கு அது என்ன செய்யும் என்பது என் புத்தகத்தில் இல்லை.

ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை பள்ளி விட்டு பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தபோது அக்கா கூப்பிட்டாள்.

"ஏய், மாடு வாயில வாங்குனத கீழயே வுட்டுடுதுடி. நாக்கு வெளிய தொங்கிகினே கீது. பல்லுல ஏதாவது குத்திகிச்சான்னு கைய வுட்டுக்கூடப் பாத்துட்டேன். ஒண்ணும் இல்ல."

மறுநாள் காலையில் கிளம்பினேன். நெம்மேலி தாண்டி மாமல்லபுரம்வரைக்கும் கால்வாய் ஓரத்தில் அதே மரம். திருக்கழுக்குன்றம் பக்கம் கட்டாத மனைகளில் அதே மரம். செங்கல்பட்டில் பஸ் மாறிய பிறகும் ஜன்னலுக்கு வெளியே அதுதான் வந்துகொண்டிருந்தது. தினமும் பார்க்கிற மரத்தை அன்றைக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை.

பசு தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து நின்றது. கண்ணுக்குக் கீழே கன்னச் சதை கரைந்து பள்ளம் விழுந்திருந்தது. தாடை நடுங்கிக்கொண்டே இருந்தது. அக்கா எங்கேயோ கெஞ்சி வாங்கி வந்திருந்த வைக்கோலை நீட்டினால் ஆவலாக நாக்கால் வளைத்து வாங்கும். இரண்டு முறை அரைக்கப் பார்க்கும். பிறகு எச்சிலோடு எல்லாம் வழிந்து தரையில் விழும். விழுந்ததையே குனிந்து மறுபடியும் எடுக்கும்.

மதியம் கால்நடை மருத்துவர் வந்தார். சின்ன வயசுப் பெண். தாடையை இரண்டு பக்கமும் விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, கொட்டகையின் சாக்குகளைத் திரும்பிப் பார்த்தார்.

"வேற தீவனம் என்ன போடறீங்க?"

"வேற இன்னா கீது? இதான். எல்லார் வூட்லயும் இதான் போடறாங்க."

"மத்த தீவனத்தோட கொஞ்சமா கலந்து போட்டா ஒண்ணும் பண்ணாதும்மா. மாசக்கணக்கா இதையே தின்னா, தாடையை ஆட்டுற நரம்பு கெட்டுப்போயிடும்."

"ஊசி எதுனா போடுங்கம்மா."

மருத்துவர் பையைத் திறந்து ஊசியை எடுத்தார். "சத்துக்கு ஊசி போடறேன். ஆனா செத்த நரம்பு திரும்ப வராதும்மா. கஞ்சி மாதிரி கரைச்சு ஊத்திப் பாருங்க. முடிஞ்சவரைக்கும் பாருங்க."

அவர் போனதும் அக்கா சாக்குகளை ஒவ்வொன்றாக இழுத்துப்போய் வாசலில் கொட்டி நெருப்பு வைத்தாள். தெரு முழுக்க வெல்லம் கருகுகிற வாசனை. கொட்டகையில் கட்டியிருந்த பசு அந்த வாசனைக்கு மூக்கைத் தூக்கிக் கயிற்றை இழுத்தது. அக்கா அதைப் பார்த்ததும் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள்.

அதன் பிறகு கம்பங்கஞ்சி காய்ச்சி மூங்கில் குழாயில் புகட்டினாள். பாதி உள்ளே போகும், பாதி அவள் புடவையில் வழியும். ஆனால் மாட்டுக்குக் கஞ்சி போதாது. அது அசைபோட வேண்டிய பிராணி. விலா எலும்பு ஒவ்வொன்றாக வெளியே தெரிய ஆரம்பித்தது. மாமா ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்:

"தரகர் கிட்ட சொல்லி ஓட்டிவுட்டுடலாம். உன் கண்ணு முன்னாலயா சாவணும் அது?"

"நான் குடுத்துதான் துன்னுச்சி. இப்ப கசாப்புக்கும் நானே ஓட்டிவுடணுமா?"

"நல்லதுக்குத்தான் சொல்றேன். அதுவும்தான கஷ்டப்படுது."

அவர் சொன்னதும் நியாயம்தான். அக்காவுக்கும் அது தெரியும். தெரிந்ததால்தான் அடுத்த இரண்டு ஞாயிறும் அவரோடு பேசவில்லை.

காலாண்டு விடுமுறையில் நான் அங்கே இருந்தபோது பசு படுத்தது, எழவில்லை. அக்கா அதன் கழுத்தடியில் சாக்கைச் சுருட்டி வைத்து ஈரத்துணியால் வாயைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். ஒரு முழுநாள் அப்படிக் கிடந்தது. உயிர் போவதற்கு முன்பே காக்கைகள் வந்துவிட்டன. நான் ஒரு குச்சியை வைத்துக்கொண்டு அவற்றை விரட்டினேன். மறுநாள் மத்தியானம் மூச்சு நின்றது.

புதைக்க ஊரில் வேறு இடம் இல்லை. ஏரிக்குள்தான் ஜேசிபி வைத்துத் தோண்டினார்கள். முதலில் மரங்களைப் பெயர்க்க வேண்டியிருந்தது. ஓட்டுநர், "இன்னா வேருப்பா இது, பாதாளம் வரைக்கும் போவுது" என்று சலித்துக்கொண்டார். பசுவைக் குழியில் இறக்கி மண் தள்ளியதும் அக்கா திரும்பிப் பார்க்காமல் கரை ஏறி வந்துவிட்டாள்.

அடுத்த ஐப்பசியில் மழை பெய்தது, ஆனால் ஏரி நிறையவோ நெல் விளையவோ அது போதவில்லை. தை மாதம் போனபோது ஏரிப் பக்கம் போய்ப் பார்த்தேன். ஜேசிபி கிளறிய மண் முழுக்க வேலிகாத்தான் கன்றுகள், நாற்றங்கால் போல நெருக்கமாக. எத்தனை மாடுகளின் சாணத்தில் வந்த விதைகளோ. குனிந்து கொஞ்சத்தைப் பிடுங்கினேன். பிறகு விட்டுவிட்டேன்.

அக்கா மறுபடியும் மாடு வாங்கவில்லை. செருப்புக் கம்பெனி வேனில் வேலைக்குப் போக ஆரம்பித்தாள். அடுத்த கோடையில் ஒருநாள் காலை, வேனுக்காக அவளோடு ஏரிக்கரையில் நின்றிருந்தேன். எதிர்வீட்டுப் பெண் கையில் காலிச் சாக்கோடு வந்தாள். இரண்டு மாடு வைத்திருப்பவள்.

"வேணாம்டி" என்று அக்கா அவள் கையைப் பிடித்தாள். "என் மாட்டப் பாத்த இல்ல? இதையே போட்டுகினு இருக்காத."

"பாத்தேங்க்கா. எனுக்கு மட்டும் ஆசையா? வைக்கோல் எங்க கீது? புல்லு எங்க கீது? வேற இன்னாத்தப் போடறது, நீயே சொல்லு."

அக்கா பிடியைத் தளர்த்தினாள். அந்தப் பெண் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு, முந்தானையைத் தலையில் போட்டு முள்ளுக்குள் இறங்கினாள். வேன் வந்தது. அக்கா ஏறி, ஏரி தெரியாத பக்கமாக உட்கார்ந்துகொண்டாள்.